மருத்துவர் மேரி வர்கீஸ்: பாதியில் நின்றுவிடும் சாட்சி



யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது, மேல்வீட்டறையில் கூடியிருந்த விதவைகள் அவளுடைய நற்குணங்களைப் பேதுருவிடம் வர்ணித்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் வாசிப்பதில்லை. அவர்கள் அழுதார்கள்; அவள் தங்களோடிருந்த நாட்களில் தைத்துக் கொடுத்த உடுப்புகளை எடுத்துக் காட்டினார்கள். அவ்வளவுதான். அந்த உடுப்புகளில் சிலவற்றை அவர்கள் அப்போது உடுத்தியிருந்திருக்கவும் கூடும். மரித்தவளைக் குறித்த சாட்சி அவர்கள் கைகளிலும் தோள்களிலும் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: புதிய ஏற்பாட்டின் மூலமொழியில் சீஷன் என்ற சொல்லின் பெண்பால் வடிவம் வருவது தொற்காளைக் குறித்த இந்த ஓரிடத்தில் மட்டுமே. அவளைச் சீஷி என்று அறிமுகப்படுத்திய லூக்கா, அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் அடுத்துச் சொல்கிறார்; அவள் எவ்வளவு பொறுமைசாலி என்பதை அல்ல.

நம்முடைய சபைகளில் பெண்களை நினைவுகூரும் வழக்கம் இதற்குச் சற்று மாறாக இருக்கிறது. நினைவு ஆராதனைகளிலும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களிலும் பேசப்படுவதைக் கேட்டுப் பாருங்கள். பொறுமை, சாந்தம், தியாகம், கண்ணீர் ஆகிய சொற்கள் தவறாமல் வரும். அந்த அம்மையார் எதைக் கட்டினார், யாரிடம் எதைக் கேட்டார், எந்தத் தடையை அகற்றினார், எதை முடிக்காமல் நம் கையில் விட்டுச் சென்றார் என்பவை பெரும்பாலும் வருவதில்லை. இந்த வழக்கத்தால் மிகவும் பாதிக்கப்பட்ட ஒருவருடைய வாழ்க்கையை இந்த வாரத் தியானத்திற்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையாரின் கதையை உங்களில் பலர் ஓய்வுநாள் பாடசாலையிலோ விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்டது பெரும்பாலும் முதற்பாதியாக இருந்திருக்கும்.

முதற்பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925ஆம் ஆண்டு கேரளத்தில் கொச்சிப் பகுதியில் வசதியான ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மருத்துவம் பயில வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவப்பணியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக உருவெடுத்தது. மேரி வர்கீஸின் ஆசை மகப்பேறு மருத்துவத்தில் தேர்ச்சி பெறுவது. இந்தியப் பெண்கள் பிரசவத்தில் மாண்டுபோவதைக் கண்டு மருத்துவரானவர் ஐடா ஸ்கடர். அவருடைய நிழலில் பயின்ற ஓர் இளம்பெண்ணுக்கு அந்த ஆசை எழுந்ததில் வியப்பில்லை.

1954ஆம் ஆண்டு சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. அவருடைய முகம் கடுமையாகக் காயப்பட்டது. தண்டுவடம் சேதமடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில் தண்டுவடச் சேதம் என்றால் என்ன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். கால்கள் நடக்காமற்போவது அதில் ஒரு பகுதி மட்டுமே. உணர்வற்ற தோல் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் இரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். புண் எலும்புவரை இறங்கும். நோயாளிக்கு வலிக்காது, ஆகையால் தெரியாது. சிறுநீர்ப்பை தானாக இயங்காது. தேங்கிய சிறுநீர் கிருமியைச் சேர்த்துச் சிறுநீரகத்தை அழிக்கும். காயத்தில் தப்பியவர்கள்கூட இந்த இரண்டினால் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இறந்துபோவது உலகெங்கும் சாதாரணமாக நடந்த காரியம். வேலூரில் இருந்தது மேரி வர்கீஸுக்கு வாய்த்த ஒரு நன்மை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறையை மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949இல் அங்கே தொடங்கியிருந்தார். இரவும் பகலும் திருப்பிப் படுக்கவைக்கச் செவிலியர்கள் இருந்தார்கள். ஓர் உழவனுக்கோ கூலிப் பெண்ணுக்கோ அப்படி யாரும் இல்லை. இந்த வேறுபாட்டை அவர் பிற்காலத்தில் மறக்கவில்லை என்பதை அவருடைய வேலையே சொல்கிறது.

அடுத்து வருவது நாம் விரும்பிச் சொல்லும் பகுதி. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் 1946 முதல் வேலூரில் பணியாற்றிவந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை என்பதையும், உணர்வற்ற கையும் காலும் நாள்தோறும் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் தேய்ந்து அழிகின்றன என்பதையும் எடுத்துக்காட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். நோய்க்கிருமி முழங்கையை ஒட்டிச் செல்லும் நரம்பைத் தாக்கும்போது விரல்களின் சிறு தசைகள் செயலிழந்து, விரல்கள் பறவையின் நகம்போல வளைந்துவிடும். ஆனால் முன்கையின் தசைகளில் பல நலமாகவே இருக்கும். அவற்றுள் ஒன்றின் நாணை எடுத்து விரல்களில் இணைத்துத் தைத்தால், பயிற்சிக்குப் பின் விரல்கள் மறுபடி விரியும். மூடிய கை திறக்கும். சோற்றை அள்ளவும், பேனா பிடிக்கவும், இன்னொருவர் கையைப் பற்றவும் கூடும்.

இந்தச் சிகிச்சையைச் செய்ய எழுந்து நிற்கவேண்டிய அவசியமில்லை. நோயாளியின் கை மேசைமேல் நீட்டப்பட்டிருக்கும். கை அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் அமர்ந்தே வேலை செய்வார்கள். பிராண்ட் அவர்கள் இந்த வழியை மேரி வர்கீஸுக்குத் திறந்துவிட்டார். பல அறுவைசிகிச்சைகளுக்குப் பின் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் நிலைக்கு வந்த அவர், சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கினார். கால் இழந்தவர் கை இழந்தவர்களுக்குக் கை கொடுத்தார் என்று நாம் கதையை முடிப்போம். கேட்பவர்கள் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள். போதகர் ஜெபிப்பார். கூட்டம் கலையும்.

டோரதி கிளார்க் வில்சன் ஆங்கிலத்தில் எழுதிய மேரி வர்கீஸின் வாழ்க்கை வரலாறு 1963இல் வெளிவந்தது. நம் பிரசங்க மேடைகளில் உலவும் கதை பெரும்பாலும் அந்த நூலிலிருந்து வாய்வழியாக இறங்கி வந்தது. ஆகவே அந்த ஆண்டோடு கதையும் நின்றுவிட்டது. மேரி வர்கீஸ் அதற்குப் பின் இருபத்து மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தார். அவருடைய மிகப் பெரிய வேலை அந்த ஆண்டுகளில்தான் நடந்தது.

இரண்டாம் பாதி இதுதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவமனையில் அவர் தம்முடைய உடலைத் தாமே நிர்வகிக்கும் பயிற்சியைப் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்பவர் நடத்திவந்த மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். இந்த முறை நோயாளியாக அல்ல, அந்தத் துறையைக் கற்கும் மருத்துவராக. 1960களின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966ஆம் ஆண்டு வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிச் சிகிச்சையும் பயிற்சியும் பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்திய நாட்டில் இவ்வகை நிலையங்களுக்கு அது முன்னோடி. 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

மறுவாழ்வு என்னும் சொல் நமக்குப் பழகிப்போய்விட்டது. அதன் பொருளைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். பனையேறும்போதோ தென்னையேறும்போதோ தவறி விழுந்து முதுகு முறிந்த ஒரு மனிதரை எண்ணிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் தண்டுவடச் சேதத்திற்கு மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விழுவது பெருங்காரணம். நம் சேகரத்துக் கிராமங்களிலேயே இது நடக்கிறது. அவருக்கு எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவமனை அனுப்பிவிட்டால் அவருடைய சிகிச்சை முடிந்துவிடுமா? படுக்கையில் இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரளவும், நாற்காலியில் இருக்கும்போது கைகளை ஊன்றி அடிக்கடி உடலைத் தூக்கிப் புண் வராமல் காக்கவும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். சிறுநீர்க் குழாயைத் தாமே சுத்தமாகச் செருகி எடுக்கப் பழக்கவேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாறும் வித்தை இருக்கிறது. அதற்குத் தோளும் புயமும் பலப்படவேண்டும். மனைவிக்கோ மகனுக்கோ இவற்றை எல்லாம் கூடவே இருந்து சொல்லித்தரவேண்டும். வீட்டு வாசற்படியை என்ன செய்வது, கழிப்பறைக் கதவை எவ்வளவு அகலப்படுத்துவது என்று ஆலோசிக்கவேண்டும். பனையேறியவருக்கு இனிப் பனை இல்லை; பிழைப்புக்கு வேறொரு தொழில் கற்கவேண்டும். கடைசியில், தாம் யாருக்கும் பாரமில்லை என்பதை அவர் நம்பவேண்டும். இது எல்லாவற்றிலும் கடினமானது. மருந்துச் சீட்டில் எழுதித்தர முடியாதது.

இவ்வளவையும் ஒரே கூரையின்கீழ் செய்யவேண்டும் என்று தொடக்கக் காலத்திலேயே அறிந்திருந்தவர், தாமே அந்தக் கட்டிலில் கிடந்து எழுந்த ஒரு பெண். அவருடைய வாழ்க்கையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அவர் தம் துன்பத்தைச் சகித்தார், சந்தேகமில்லை. ஆனால் சகித்ததோடு நில்லாமல், தமக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்டார். அதற்குப் பணம், இடம், பயிற்சி பெற்ற ஆட்கள், நிர்வாகத்தின் சம்மதம் எல்லாம் வேண்டியிருந்தன. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பிரசங்கத்தில் இதைச் சொன்னால் கண்ணீர் வருவதில்லை. அதனால்தான் நாம் சொல்வதில்லையோ என்னவோ.

முதற்பாதியை மட்டும் சொல்வதில் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம். சபையில் அந்தக் கதை எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கவனித்தால் விடை கிடைக்கும். கால் இல்லாத அவரே இவ்வளவு செய்தார், கையும் காலும் நன்றாயிருக்கும் நீ ஏன் முறுமுறுக்கிறாய் என்பதுதான் பெரும்பாலும் முடிவுரை. அதாவது, நலமாயிருக்கிறவர்கள் தங்கள் நலத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லும்படி, நலமில்லாதவர் ஒரு பாடப்பொருளாக எடுத்துக்காட்டப்படுகிறார். அதே ஆராதனையில் கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கும் சகோதரி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தம்மைக் காட்டி யாரோ தேவனுக்கு நன்றி செலுத்துகிறார்கள் என்பது அவருக்கு விளங்காமற்போகாது. மேரி வர்கீஸைப்போல அவரும் சாதனை செய்யவில்லையே என்ற குறையும் அவர்மேல் சேர்ந்துகொள்ளும். மருத்துவக் கல்வியும் குடும்பத்தின் ஆதரவும் ஒரு பெரிய மருத்துவமனையின் துணையும் இருந்த ஒருவருக்கு இயன்றதை, எட்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணிடம் எதிர்பார்ப்பது நியாயமா?

உபத்திரவத்தில் பொறுமையாயிருப்பது வேதம் போற்றும் நற்பண்புதானே, பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்ததே என்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். நான் அதை மறுக்கவில்லை. மேரி வர்கீஸ் ஆழ்ந்த விசுவாசி. தம் வாழ்க்கையைத் தேவன் நடத்தினார் என்று அறிக்கையிட்டவர். ஆனால் அந்த விசுவாசம் அவரை எங்கே கொண்டுபோனது என்று பாருங்கள். பெர்த்துக்கும் நியூயார்க்குக்கும் பாகாயத்துக்கும் கொண்டுபோனது. பவுலும் முள்ளைக் குறித்து மும்முறை மன்றாடிவிட்டு, அதற்குப் பின் ஓரிடத்தில் அமர்ந்துவிடவில்லை. அவர் நிருபங்களைத் தொடர்ந்து எழுதினார், எருசலேமின் ஏழைகளுக்காக சபை சபையாகக் காணிக்கை திரட்டினார். பொறுமையை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பெண்களுக்கும் ஊனமுற்றோருக்கும் பிரசங்கிப்பது நமக்கு வசதியாயிருக்கிறது, ஏனென்றால் பொறுமையாயிருக்கிறவர்கள் நம்மிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இதே இடத்தில் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாகவேண்டும். சக்கர நாற்காலியில் ஒருவர் கூட்டத்திற்கு வந்துவிட்டால், அவரைக் கேளாமலே அவர் தலைமேல் கைவைத்து உரத்த குரலில் சுகத்திற்காக ஜெபிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அன்பினால் செய்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் நம் ஆண்டவர் அப்படிச் செய்யவில்லை. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாயிருந்தவனிடம் சுகமாக விருப்பமா என்று முதலில் கேட்டார். கூவி அழைத்த பர்திமேயுவிடமும், பார்த்த மாத்திரத்தில் அவன் தேவை தெரியக்கூடியதாக இருந்தும், நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். பிறவிக் குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீஷர்கள் வினவியபோது, அந்த விசாரணையையே அவர் ஒதுக்கித் தள்ளினார். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு ஜெபியுங்கள். அவர் சுகத்திற்காக அல்ல, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக ஜெபிக்கச் சொல்லக்கூடும்.

இப்போது நம் ஆலயத்து வாசலுக்கு வருவோம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 2.68 கோடி மக்கள் ஏதேனும் ஓர் ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்று பதிவுசெய்தது, மொத்தத்தில் 2.21 விழுக்காடு. ஐந்நூறு பேர் கூடும் ஓர் ஆராதனையில் பதினொரு பேராவது இருக்கவேண்டிய கணக்கு இது. வரும் ஞாயிறு எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று பேருக்குமேல் காணமாட்டீர்கள். மற்றவர்கள் எங்கே? நம் சபைக் குடும்பங்களில் அவர்கள் இல்லாமல் இல்லை. வீடு சந்திக்கும்போது பின்னறையில் கட்டிலில் இருக்கக் காண்கிறோம். அவர்கள் வராததால் சாய்தளம் கட்டவில்லை என்கிறோம். சாய்தளம் இல்லாததால் அவர்கள் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் என்று பெயரை மரியாதையாக மாற்றிக்கொண்டோம்; டிசம்பர் 3ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பொன்னாடையும் போர்த்துகிறோம். பொன்னாடை வாங்க மேடைக்கு அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று கேட்டால், நான்கு வாலிபர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதே பதில்.

தூக்கிக்கொண்டு போவதில் அன்பு இல்லையா என்று கேட்பீர்கள். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நால்வர் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தார்கள், உண்மை. ஆனால் அந்தப் பகுதியில் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது அந்த வீட்டின் கூரையை. மனிதன் உள்ளே வர வழியில்லாதபோது கட்டடம் உடைக்கப்பட்டது. ஜனக்கூட்டம் குறையும்வரை வாசலில் காத்திரு என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. கூரையைப் பிரித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவும் இல்லை. அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். பிறருடைய வீட்டுக் கூரைக்கே அப்படியென்றால், நம்முடைய சொந்த வாசற்படியைக் குறித்து நாம் இவ்வளவு யோசிப்பது விந்தையாயிருக்கிறது.

அன்றியும், தூக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தூக்கப்படுகிறவர்களிடம் கேளுங்கள். வாரந்தோறும் நான்கு பேர் கிடைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு தெருவில் காத்திருக்கவேண்டும். வளர்ந்த ஒரு பெண்ணை ஆண்கள் இடுப்பிலும் தோளிலும் பற்றித் தூக்குவதை எல்லாரும் பார்ப்பார்கள். ஆராதனை முடிந்தபின் அதே நால்வர் பிரியாணி விருந்துக்குப் போய்விடாமல் இருக்கவேண்டும். சில வாரங்களுக்குப் பின் அந்தச் சகோதரி வீட்டிலேயே இருந்து கைப்பேசியில் ஆராதனையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுகிறார். நாமும் நேரலை இருக்கிறதே என்று ஆறுதலடைகிறோம். நேரலையில் திருவிருந்து கிடைக்காது.

சட்டமும் இந்தக் காரியத்தில் மௌனமாயில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பிருந்த ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்ததோடு, பொதுக் கட்டடங்கள் எல்லாரும் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டும் என்கிறது. பொதுக் கட்டடம் என்பதன் விளக்கத்தில், பொதுமக்கள் பயன்படுத்தும் தனியார் கட்டடங்களும், சமயக் காரியங்களுக்கானவையும் அடங்கும். ஆகவே இது ஆலயங்கள் தப்பிக்கொள்ளக்கூடிய காரியமல்ல. ஆனால் சட்டத்திற்குப் பயந்து கட்டும் சாய்தளங்களை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். சறுக்குமரம்போலச் செங்குத்தாக, வழவழப்பான டைல்ஸ் பதித்து, கைப்பிடி இல்லாமல், உச்சியில் பூந்தொட்டியோடு நிற்கும். அவற்றில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் பின்னோக்கிச் சரியும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது அளவு: படிகளின் மொத்த உயரம் ஓர் அடியானால் சாய்தளத்தின் நீளம் பன்னிரண்டு அடி இருக்கவேண்டும். தளம் சொரசொரப்பாயிருக்கவேண்டும். இருபுறமும் கைப்பிடி, மேலேயும் கீழேயும் நாற்காலி திரும்ப இடம், வாசலில் ஏறக்குறைய மூன்று அடி அகலம்.

சக்கர நாற்காலியைப் பற்றியே பேசுகிறேன் என்று எண்ணவேண்டாம். முழங்கால் தேய்ந்த தாய்மார்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் பெரியவர்கள், கைக்குழந்தை வண்டியோடு வரும் இளம்பெற்றோர் என்று அந்தச் சரிவில் ஏறப்போகிறவர்கள் பலர். கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் செய்யவேண்டியவை வேறு. அவற்றை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

வேலூரில் மறுவாழ்வுத் துறையினர், சிகிச்சை முடித்துச் சென்றவர்களை மீண்டும் வரவழைத்து மேளா நடத்தும் வழக்கம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் தங்கள் நாற்காலிகளில் வந்து சேருகிறார்கள்; விளையாட்டு, பாட்டு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் நடக்கின்றன. அங்கே கூடுகிறவர்கள்தான் யோப்பாவின் மேல்வீட்டறையில் காட்டப்பட்ட உடுப்புகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இந்த ஆண்டு உங்களிடம் ஒன்றைக் கேட்கத் துணிகிறேன். தாயின் நினைவாகவோ பாட்டியின் நினைவாகவோ ஆலயத்திற்கு ஏதாவது செய்ய விரும்பும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னை அணுகுகின்றன. மின்விசிறி, ஒலிபெருக்கி, பீடத்திற்கு விரிப்பு, சுவரில் பளிங்குக் கல் ஆகியவை வழக்கம். மின்விசிறிகள் நமக்குப் போதுமான அளவு இருக்கின்றன. சிலவற்றின் இறக்கையில் பெயர் எழுதியிருப்பதால் பழுதானபின்னும் கழற்ற இயலவில்லை. அந்தத் தாய்மார்களில் பலர் தங்கள் கடைசி ஆண்டுகளில் இந்தப் படிகளில் ஏற இயலாமல்தான் ஆராதனைக்கு வராதிருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளாகிய நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவர்கள் பெயரால் ஒரு சாய்தளம் கட்டலாம். கல்வெட்டு வேண்டுமானால் கைப்பிடிச் சுவரில் பதித்துக்கொள்ளலாம்.

நம் ஆலயத்தின் முன்வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆறரை அங்குல உயரம், ஆக இருபத்தாறு அங்குலம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருபத்தாறு அடி நீளம் தேவை. முன்புறத்தில் அவ்வளவு இடமில்லை. தெற்கு வாசல் வழியாகச் சுவரை ஒட்டிக் கொண்டுபோனால், நடுவில் திரும்புவதற்கு ஒரு சமதளம் விட்டும், இடம் போதும் என்று கட்டடப் பணி அறிந்த சபை மூப்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சேகர கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. காரியத்தை நிகழ்ச்சிநிரலில் சேர்த்திருக்கிறேன். அதற்குமுன், வரும் ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்தவுடன் தெற்கு வாசலில் அளவெடுக்கிறோம். சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் நடமாடும் நம் சபையார் மூவரை முன்னதாகவே அழைத்து, வர வாகனமும் ஏற்பாடு செய்தாயிற்று. எந்தப் பக்கம் திருப்பம் வேண்டும், கைப்பிடி எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் சொல்லட்டும். விருப்பமுள்ள யாவரும் வரலாம். அந்தச் சுவரோரம் வழக்கமாக நிறுத்தப்படும் இருசக்கர வாகனங்களை அன்று ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தும்படி வாலிபரைக் கேட்டுக்கொள்கிறேன்.